நாற்பது பேல், சுத்தமான பருத்தி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அண்ணன் வாரா வாரம் ஃபோனில் சொல்லிவிடுகிறான். அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை.

இது ஆபீஸ் கடிதம். சிரிக்காதீர்கள். எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருக்கிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் சொந்தக்காரர்களாக இருந்தால், வியாபாரப் பேச்சு ஒன்றுகூட ஃபோனில் நடக்கக் கூடாது. எல்லாம் காகிதத்தில், கையெழுத்தோடு, ஒரு பிரதி ஃபைலில். நான் கடைகளுக்குப் பெட்ஷீட் வாங்குகிறவள். நீங்கள் ஜின்னிங் ஆலை நடத்துகிறவர், அதற்கு மேல் என் அண்ணன் மனைவி. இதைச் சொன்னதும் ஃபைல் பார்க்கும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப இனிமே லெட்டர்தாம்மா" என்றார்.

நீங்கள் கொட்டை நீக்கி, பொதியாக அழுத்திப் பேல் கட்டும் பஞ்சைப் பற்றி ஒரு கடைக்காரி கடிதம் எழுதுவது உங்களுக்குப் புதிதாக இருக்கும். கடைக்கு வரும் துணிக்கு அந்தப் பக்கம் நாங்கள் இதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. இனிமேல் வயல் வரைக்கும் பார்க்கப் போகிறோம். தண்ணீரை அளந்து விட்டு, பூச்சி மருந்தைக் குறைத்து விளைவிக்கும் உங்கள் பக்கத்து விவசாயிகள் குழுவில் அறுபத்து மூன்று பேரும் எங்கள் கொள்முதல் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். கொட்டை நீக்கும் இடமாக உங்கள் ஆலையும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்ஷீட்டின் ஓரத்திலும் ஒரு லேபிள் இருக்கும். அதில் உள்ள சின்னக் கட்டத்தை ஃபோனில் காட்டினால் எந்த வயல், யாருடைய வயல் என்று தெரியும். இந்த ஒப்புதலுக்காக நாலு வருஷம் மேனேஜரின் உயிரை வாங்கியிருக்கிறேன்.

இனி ஆர்டர். நாற்பது பேல் வேண்டும். சுத்தமான பருத்தி மட்டும். வேறு எதுவும் துளிகூடக் கலக்கக் கூடாது. எந்தப் பேலிலாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிட்டு, நல்லதைப் போட்டு எண்ணிக்கையை நிரப்பிவிடுங்கள். நூற்பாலைக்கு நேராக அனுப்பிவிடலாம்.

ஜூனில் எங்கள் எல்லாக் கடையிலும் முன் ஜன்னலில் இந்தப் பெட்ஷீட்தான். அண்ணனை அழைத்துக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜனவரி 19

அடி வாலு,

உன் கடிதத்தை உன் அண்ணன் வாசலிலேயே வாங்கி, மேலே இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "உனக்கு நோட்டீஸ் வந்திருக்கு" என்று என்னைப் பயமுறுத்தினார். சொந்த நாத்தனார் ரப்பர் ஸ்டாம்பு குத்தி எழுதுகிற காலம் வந்துவிட்டது. பரவாயில்லை, என்னிடமும் ஸ்டாம்பு இருக்கிறது. இதைப் படிக்கும் ஃபைல் சாருக்கு என் வணக்கம். நடுநடுவே குடும்ப விஷயம் வரும், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தது. உங்கள் பட்டியல்காரர்கள் அனுப்பிய ஒரு பெண் வந்து அரை நாள் ஆலையைச் சுற்றிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாலும் சுத்தம் என்றாள், குடோனைப் பார்த்தாலும் சுத்தம் என்றாள். உன் கடிதத்திலும் அதே வார்த்தை. விடுவேனா? இரண்டு நாள் மெஷினை நிறுத்தி, ரோலரை எல்லாம் கழற்றித் துடைத்து, நானே முன்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

குழுவின் பருத்திக்கு இந்த வருஷம் பறிக்கிற நேரம் பார்த்து மழை. இலைத்தூளும் பழுப்புமாக வந்த பதினேழு பேலைச் சந்தேகம் இல்லாமலே ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பதில் பால் மாதிரி வெளுத்த பதினேழு பேலைப் போட்டு நாற்பதாக்கி அனுப்பியாயிற்று. ஒதுக்கியதை வேறொரு நூற்பாலை எடுத்துக்கொண்டது. பேல் நம்பர்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஃபோனைக் கையில் எடுத்தேன். விதி ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். என்னால் உன் வேலைக்கு ஒரு கீறல் விழக் கூடாது.

இவ்வளவு சுத்தமான சரக்கு என் ஆலையிலிருந்து போனதே இல்லை. உன் ஆபீஸில் அதைச் சொல்.

உன் அண்ணன் மீசைக்கு மை பூசி, அது உதட்டு வரைக்கும் இறங்கி, மூன்று நாளாகக் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அலைகிறார். யாரிடமும் சொல்லாதே.

உன் அண்ணி

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் பட்டியலும் கிடைத்தன. மிக்க மகிழ்ச்சி. நூற்பாலையிலும் பஞ்சைப் பார்த்துவிட்டு அசந்துபோனார்களாம். நிறைய வேலை இருக்கிறது, அதனால் இவ்வளவுதான்.

நாத்தனார்

ஏப்ரல் 3

அண்ணிக்கு,

ஆறாயிரம் பெட்ஷீட் தைத்து முடிந்துவிட்டது. லேபிள் அச்சடிப்பதற்காக நேற்று உங்கள் பேல் நம்பர்களையும் குழுவின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இருபத்து மூன்று நம்பர் பொருந்தியது. பதினேழு பொருந்தவில்லை. விசாரித்ததில் அந்தப் பதினேழும் ஒரு வியாபாரியிடம் நீங்கள் வாங்கிய சாதாரணப் பருத்தி என்று தெரிந்தது. குழுவின் பதினேழு பேல் வேறு நூற்பாலைக்குப் போயிருக்கிறது. நூற்கும்போது நாற்பதும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், இப்போது ஒரு பெட்ஷீட்டுக்குக்கூட லேபிள் ஒட்ட முடியாது.

நீங்கள் நல்ல பேலைப் போடுவதாக எழுதியபோது, அதுவும் குழுவின் பேல்தான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "நல்லத வேற எடத்துக்குத் தள்ளிட்டு, சாதாரணத்த நம்ம தலையில கட்டிட்டாங்களா?"

விசாரணை முடியும் வரை உங்கள் ஆலையைப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம். இருபதாம் தேதி கூட்டம். அதற்கு முன் உங்கள் விளக்கம் எழுத்தில் வர வேண்டும். ஆலை நீக்கப்பட்டால் குழுவின் பருத்தியையும் எங்களால் வாங்க முடியாது. அந்தப் பக்கத்தில் பட்டியலில் இருக்கும் ஆலை உங்களுடையது ஒன்றுதான்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவு, பெட்ஷீட்

ஏப்ரல் 7

கொள்முதல் பிரிவு அம்மையாருக்கு,

நாத்தனார் என்று கையெழுத்துப் போடக்கூட உனக்குக் கை வரவில்லை. நல்லது.

தலையில் கட்டினேனாம். பதினெட்டு வருஷமாக இந்த ஆலையை நடத்துகிறேன். ஒரு நூற்பாலை, ஒரே ஒரு நூற்பாலை, என் பேலைத் திருப்பி அனுப்பியதாக யாராவது சொல்லட்டும், அன்றைக்கே சாவியைக் கொண்டுவந்து உன் மேனேஜர் கையில் கொடுக்கிறேன். பேலை மாற்றினேன் என்று நானே எழுதினேன். எத்தனை பேல் என்று எழுதினேன். நம்பரும் கொடுத்தேன். ஏமாற்றுகிறவள் கணக்காக லெட்டர் போட்டுச் சொல்லிவிட்டா ஏமாற்றுவாள்? அதற்கு நீ எழுதிய பதிலும் என்னிடம் இருக்கிறது. "மிக்க மகிழ்ச்சி."

நீ கேட்டதைத்தான் அனுப்பினேன். கேட்டபடியே அனுப்பினேன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். உன் மேனேஜர் அப்படிக் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்?

உன் அண்ணன் இரண்டு நாளாக என் பக்கமும் பேசவில்லை, உன் பக்கமும் பேசவில்லை. டிவியைப் பார்த்துப் பேசுகிறார்.

ஆலை முதலாளி

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

கேட்டதைத்தான் அனுப்பினேன் என்கிறீர்கள். சாதாரணப் பருத்தி வேண்டும் என்று நான் எங்கே, எந்த வரியில் கேட்டேன்? இருந்தால் காட்டுங்கள். கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

நாத்தனார்

ஏப்ரல் 15

வாலு,

காட்டுகிறேன். உன் ஜனவரி கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. நான்காவது பாரா. சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன், கண்ணாடி போடாமலே தெரியும். "சுத்தமான பருத்தி மட்டும். வேறு எதுவும் துளிகூடக் கலக்கக் கூடாது. எந்தப் பேலிலாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிட்டு, நல்லதைப் போட்டு எண்ணிக்கையை நிரப்பிவிடுங்கள்."

கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு இதைப் பத்துத் தடவை படித்தேன். அப்புறம்தான் எனக்கே புரிந்தது. உனக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். என் தொழிலில் பஞ்சைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தால் தெரிவதுதான் சுத்தம். இலைத்தூள் இல்லை, கொட்டை ஓடு இல்லை, தலைமுடி இல்லை, சாக்கு நூல் இல்லை என்றால் அது சுத்தமான பருத்தி. எந்த ஆலைக்காரரை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நீ நினைத்த சுத்தம் வேறு. எந்த வயல், என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர் என்பது. அது கையில் எடுத்துப் பார்த்தால் தெரியாதடி. எழுதினால்தான் தெரியும்.

குழுவைப் பற்றி எழுதினாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை மேல் பாராவில் கதையாக எழுதினாய். ஆர்டர் பாராவில் அந்தப் பேச்சே இல்லை. ஆலைக்காரி கதையையா பார்ப்பாள், ஆர்டரைத்தான் பார்ப்பாள். குழுவின் பருத்தி மட்டும் என்று மூன்று வார்த்தை. நாலு வருஷம் யோசித்தவளுக்கு மூன்று வார்த்தைக்கா மை தீர்ந்துபோயிற்று?

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியல் வேலை எனக்கு முதல் வருஷம். பேலை மாற்றுவதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். சரக்கை வெள்ளையாக அனுப்பி உன்னிடம் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மாற்றியது என் கைதான். ஏமாற்றினேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆலை உன் பட்டியலில் இல்லாவிட்டால் நான் ஒன்றும் பட்டினி கிடக்க மாட்டேன். குழுவை நினைத்துத்தான் கவலை. பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் மருந்து அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தபோது, இவர்கள் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பூச்சி பொறுக்கினார்கள். அந்தப் பருத்தியை நான் சாதாரணச் சரக்கோடு தள்ளிவிட்டேன். நேற்று குழுத் தலைவி வந்து, "லேபிள்ல எங்க பேரு எப்பங்க வரும்?" என்று கேட்டாள். "ஜூன்ல" என்றேன். இத்தனை வருஷத்தில் விவசாயியிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அண்ணி

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் ஆலை பட்டியலில் இருக்கிறது. குழுவும் இருக்கிறது.

நடந்தது இதுதான். மேனேஜர் ஒரு வழியோடு வந்திருந்தார். லேபிளில் வயல் பேச்சை எடுத்துவிட்டு, 'நல்ல விவசாயத்துக்குத் துணை நிற்கும் பெட்ஷீட்' என்று பொதுவாகப் போட்டுவிடலாம். "படிக்கிறவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும், நாம பொய் சொல்லலையே" என்றார். தப்பை ஆலையின் மேல் போட்டு ஆலையை நீக்கிவிட வேண்டும். அடுத்த வருஷம் வேறு ஆலை, வேறு விவசாயிகள். என் பெட்ஷீட் சொன்னபடி ஜூனில் ஜன்னலுக்கு வந்துவிடும். மேஜையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

நான் எழுந்து நின்று, ஃபைலில் இருக்கும் ஜனவரி கடிதங்களைப் படிக்கச் சொன்னேன். ஃபைல் சார் விதி தவறாத மனிதர், ஒரு வரியை விட மாட்டார். உங்கள் வணக்கம், ரோலரைத் துடைத்தது, பதினேழு பேல், அண்ணனின் மீசை மை, எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்தார். மீசையில் சபையே குலுங்கியது. மேனேஜர் தண்ணீர் குடித்து இருமினார். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "அவங்க எதையும் மறைக்கல. நான்தான் தப்பா எழுதினேன். கடைக்காரி பாஷைல எழுதி, ஆலைக்காரங்களுக்கு அனுப்பிட்டேன். அவங்க என்ன செஞ்சாங்கன்னு எழுதினப்பவும் சரியாப் படிக்கல. இந்தத் தப்ப ஆலை தலைல போட்டுட்டு, லேபிளப் பூசி மெழுகினோம்னா, சாதாரணப் பருத்தியவே வித்துட்டுப் போலாமே, எதுக்கு இவ்ளோ பாடு?"

அதற்கு மேல் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆறாயிரம் பெட்ஷீட்டும் லேபிள் இல்லாமல், சாதாரண அலமாரியில் விற்கப்படும். அடுத்த பருவத்திலிருந்து குழுவில் ஒருவர் முன்னிலையில்தான் உங்கள் ஆலையில் ஒவ்வொரு பேலுக்கும் சீல் வைக்க வேண்டும். வயல் பெட்ஷீட் பொறுப்பைத் திரைச்சீலைப் பிரிவில் இருக்கும் ஒரு மூத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். என்னைத் துண்டுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று நான் ஓடவில்லை, துண்டுக்கு நடுவிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம் இல்லை என்றால் பொய். நாலு வருஷம் அண்ணி. ஆனால் அந்த மேஜையில் மறுபடி உட்கார வைத்தாலும் இதையேதான் சொல்வேன்.

நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மேனேஜர் உங்களைச் சந்தேகப்பட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? வேறொரு ஆலையாக இருந்திருந்தால், "விசாரிச்சுட்டுப் பேசலாம் சார்" என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சொந்தம் என்பதால் சொல்லவில்லை. அண்ணிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். ஊரில் யாருக்கும் கொடுக்கும் நியாயத்தை உங்களுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஃபைல் சார், இதையும் ஃபைலில் போடுங்கள்.

உங்கள் வாலு

மே 2

வாலு,

உன் கடிதம் வந்த மறுநாளே குழுவில் எல்லாரையும் ஆலைக்கு வரச் சொன்னேன். எடை மேடைப் பக்கம் உட்காரவைத்து, பதினேழு பேலுக்கு என்ன ஆயிற்று என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். ஜூன் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

திட்டு வாங்கினேன், சும்மா சொல்லக் கூடாது. "எங்க பருத்தி இப்ப எவன் வீட்டுல கால்மிதியாக் கெடக்கோ!" என்று ஒருத்தர் துண்டை உதறிவிட்டு வெளியே போய்விட்டார். யாருடைய தப்பு என்று தலைவி கேட்டாள். "அவ வார்த்தை, என் கை" என்றேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துக் கூட்டத்தில் நீ பேசியதைப் படித்தேன். வெளியே போனவர் வாசலில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். மீசை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன், உன் அண்ணன் டீ கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அடுத்த வருஷம் ஆர்டர் எழுதப் போவது யார் என்று கேட்டார்கள். புதிதாக ஒருத்தர், எனக்குத் தெரியாது என்றேன். தலைவி சொன்னாள்: "ஆபீஸே சேர்ந்து மூடி மறைக்கப் பாத்தப்ப, என் தப்புன்னு எந்திரிச்சு நின்ன ஆளு ஒண்ணு இருக்கு. அந்த ஆளத் தூக்கிட்டு, மூஞ்சி தெரியாத ஒருத்தர வெச்சா, நாளைக்கு அவரு தப்புப் பண்ணினா நமக்கு யாரு சொல்லுவா? நம்மகிட்ட பருத்தி இருக்கு. அவங்ககிட்ட பட்டியல்தான் இருக்கு. எழுதுங்க லெட்டரு."

எழுதினோம். எழுதினோம் என்ன, அவர்கள் சொல்லச் சொல்ல என் ஆலை லெட்டர் பேடில் நான்தான் எழுதினேன். ஆர்டர் கடிதத்தில் உன் கையெழுத்து இருந்தால் அடுத்த பருவத்துப் பருத்தி உங்கள் நிறுவனத்துக்கு. இல்லாவிட்டால், போன மாதம் வந்து விசாரித்துவிட்டுப் போன இன்னொரு கடைக்காரருக்கு. அவ்வளவுதான் கடிதம், நாலே வரி. திங்கட்கிழமை உன் மேனேஜர் மேஜையில் இருக்கும். அவர் உன்னைக் கூப்பிட்டால் உடனே பல்லைக் காட்டிக்கொண்டு ஓடாதே. துண்டு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் போ.

அறுபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்கள். நான் விவசாயி இல்லையே, எனக்கு எதற்கு என்றேன். "ஆலையும் போடணும்ல? ஒங்களுக்கு அந்தப் பொண்ணு மேல நம்பிக்கை இருக்கா இல்லையா?" என்று தலைவி கேட்டாள். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னைச் சந்தேகப்பட்டபோது நீ ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ மன்னிப்புக் கேட்டும் ஆறவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"நம்பிக்கை இருக்கு. அதனாலதான் இவ்ளோ கோவம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அண்ணி